வேலூர்ச் சிப்பாய்க்குத் தலைப்பாகை கட்டிய கதை

உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இருந்தால், இந்தப் பொழுதுபோக்கு ஏற்கெனவே உங்கள் சாப்பாட்டு மேசைவரை வந்திருக்கும். ஓர் ஆளின் உயரம் 28 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ வார்த்த சின்னச் சிப்பாய்கள். அவர்களை வெட்டி, அரத்தால் ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசையில் அணிவகுத்து வைத்து, டைஸ் உருட்டிச் சண்டை பிடிப்பார்கள். மினியேச்சர் வார்கேமிங் என்று பெயர். சில வீடுகளில் விண்வெளி வீரர்கள், சில வீடுகளில் நெப்போலியன்.

இது புதிசாக வந்த பைத்தியம் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரியான புரோம்லியில் பிறந்த எச். ஜி. வெல்ஸ், 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். பொம்மைச் சிப்பாய்களை வைத்து எப்படி ஒழுங்கான விதிகளோடு சண்டை விளையாடலாம் என்பதுதான் புத்தகம். உண்மையான யுத்தத்தை விட இந்தச் சின்ன யுத்தம் எவ்வளவோ மேல் என்று கடைசியில் வாதாடுகிறார். அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்டது.

எங்கட மூத்தவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாக இந்த வேலைதான். நானும் பக்கத்தில் இருந்து பெயிண்ட் அடிக்கப் பழகிவிட்டேன். உண்மையைச் சொன்னால், நாள் முழுக்க ஃபோனும் ஈமெயிலுமாக இருந்துவிட்டு வந்து, ஒரு மணித்தியாலம் ஒரு சின்னச் சட்டைக்குப் பொத்தான் வைப்பது எனக்கு நல்ல ஆறுதல். போன வருடம் ஒரு நாள் அவன் கேட்டான்:

“அம்மா, எங்கட ஆக்கள் இருக்கிற சண்டை ஒண்டும் இல்லையா?”

இந்தக் கேள்விக்கு ஈழத் தமிழ் வீட்டில் பதில் சொல்வது எவ்வளவு சிக்கல் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கட ஆக்கள் இருக்கிற சண்டை இருக்கிறது. அதை எங்கட தலைமுறை மேசையில் வைத்து விளையாடாது. அவனுடைய அப்பம்மா, அதாவது என் மாமி, அதே வீட்டில் மேல்மாடியில் இருக்கிறார். ஆகவே நான் இருநூறு வருடம் பின்னால் போனேன். வேலூர், 1806.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று பலரும் சிப்பாய்களாக இருந்தார்கள். 1805 நவம்பரில் படைத் தளபதி சேர் ஜோன் கிராடொக் உடை சம்பந்தமாகப் புதிய விதிகளைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றியில் திருநீறு, நாமம் போன்ற அடையாளம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்கவேண்டும், மீசை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இவற்றோடு புதிய தலைப்பாகை ஒன்றும் வந்தது. பெயர்தான் தலைப்பாகை, பார்வைக்கு ஐரோப்பியரின் வட்டத் தொப்பி. முன்பக்கத்தில் தோலால் செய்த பூ மாதிரி ஓர் அலங்காரம் வேறு. அந்தத் தோல் மாட்டினதா பன்றியினதா என்ற சந்தேகம் இந்துக்களுக்கும் இருந்தது, முஸ்லிம்களுக்கும் இருந்தது. ஊரில் வெள்ளைக்காரருக்குப் பெயரே தொப்பிக்காரர். அந்தத் தொப்பியைத் தலையில் வைத்தால் அடுத்தது மதமும் மாறும் என்று சனம் பேசிக்கொண்டது.

1806 மே மாதம் எதிர்ப்புக் காட்டிய சிப்பாய்களில் இருவருக்கு, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும், கசையடி கொடுத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலூர்க் கோட்டைக்குள் அப்போது திப்பு சுல்தானின் பிள்ளைகள் 1799 தொடக்கம் காவலில் இருந்தார்கள். ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். அடுத்த நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-வது ரெஜிமெண்ட் வெள்ளைக்காரப் படைவீரர்கள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளும் அடக்கம். கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. பதினாறு மைல் தூரத்து ஆற்காட்டிலிருந்து ரோலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணித்தியாலத்தில் கோட்டையைத் திரும்பப் பிடித்தார். அரண்மனைக்குள் ஒளித்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை, தூக்கு, பீரங்கி வாயில் கட்டிச் சுடுவது. மூன்று பட்டாலியன்களையும் கலைத்துவிட்டார்கள். தலைப்பாகை உத்தரவும் போனது. கிராடொக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் 1807-ல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

“ஒரு தொப்பிக்காகவா இவ்வளவு?” என்று மூத்தவன் கேட்டான். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவனுக்கு ஏற்ற கேள்விதான். மினியேச்சர் செய்கிறவர்களுக்குத் தொப்பிதான் முதல் பிரச்சினை.

இந்தக் கதைக்கும் எங்கட ஏரியாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. தோர்ண்டன் ஹீத்திலிருந்து இரண்டு மைல் அளவில் அடிஸ்கொம்ப். வேலூர் நடந்து மூன்று வருடத்தில், 1809-ல், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்க அங்கேதான் ஒரு கல்லூரி தொடங்கியது. 1861 வரை நடந்தது. மாளிகை இப்போது இல்லை. ஹேவ்லொக் ரோட், ஊட்ரம் ரோட், கேனிங் ரோட் என்று தெருப் பெயர்கள் மட்டும் மிச்சம். சின்னவளின் நீச்சல் வகுப்புக்குப் போகிற வழியில் பல வருடமாக அந்தப் பெயர்ப் பலகைகளைக் கடந்து போயிருக்கிறோம். இந்தியச் சிப்பாய்க்குக் கட்டளை போடப் பழகிய பையன்கள் நடந்த இடம் என்று தெரிந்த பிறகு, மூத்தவன் காரில் ஒவ்வொரு பெயரையும் வாசித்துக்கொண்டு வருகிறான்.

சரி, உருவங்களைத் தேடிய கதைக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் மினியேச்சர் தொழிலின் தலைநகரம் நொட்டிங்ஹாம். பெரிய கம்பெனிகள் பல அங்கேதான். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பிளாஸ்டிக் பெட்டியில் முப்பது நாற்பது பேராகக் கிடைக்கும். மெட்ராஸ் சிப்பாய் என்றால் சின்னத் தயாரிப்பாளர்களிடம் உலோகத்தில்தான் தேடவேண்டும். அதுவும் எந்தச் சண்டைக்கு? 1799 ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் 1803 அஸ்ஸாயேக்கும் செய்திருப்பார்கள். காரணம் அங்கே வெல்லிங்டன் இருந்தார். பெர்னார்ட் கோர்ன்வெல் தன் ஷார்ப் நாவல்களில் அந்த இரண்டு சண்டைகளையும் எழுதிவிட்டார், வாசித்தவர்கள் வாங்குவார்கள். வேலூரில் வெல்லிங்டன் இல்லை, ஷார்ப்பும் இல்லை. ஆகவே வேலூருக்கென்று ஒரு பெட்டி கடையில் தேடினால் வராது. எந்தச் சண்டையை யார் ஞாபகம் வைத்திருக்க விரும்புகிறார்கள் என்பது கடை அலுமாரியிலேயே தெரியும். இதை நான் சொல்லவில்லை, மூத்தவன் சொன்னான்.

வேலூரை நாங்கள் துண்டு துண்டாகச் சேர்த்தோம். ஆற்காட்டிலிருந்து வந்த 19-வது லைட் டிராகூன் குதிரைப்படை அஸ்ஸாயேயிலும் சண்டை பிடித்தது. ஆகவே அஸ்ஸாயேக்கு விற்கிற குதிரைவீரர்களை அப்படியே எடுக்கலாம். திப்புவின் ஆட்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்து மைசூர் உருவங்கள். புலிக்கோடு போட்ட சட்டை, பெயிண்ட் அடிக்க ஆசையாக இருக்கும். நித்திரையில் இருந்து எழும்பின 69-வது ரெஜிமெண்ட்காரருக்குச் சிவப்புக் கோட்டும் முதுகுப்பையும் பொருந்தாது. அதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீரங்கிக்காரர்களை வாங்கினோம். அவர்கள் வெறும் சட்டையோடு கையை மடித்துக்கொண்டு நிற்பார்கள். தலையை மட்டும் வெட்டி மாற்றி, சட்டையின் கீழ்ப்பக்கத்தைப் புட்டியால் நீட்டினால் இரவு உடுப்பு.

மெட்ராஸ் சிப்பாயின் உடுப்பு எப்படி இருந்தது என்று பார்க்க நல்ல வழி, அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரருக்காக வரைந்த படங்கள். சிப்பாயும் மனைவியும் ஜோடியாக நிற்பதுபோல வரைந்திருப்பார்கள். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் சேகரிப்பில் அந்த வகை ஓவியங்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். மேலே சிவப்புக் கோட், கீழே தொடை தெரிகிற வெள்ளை அரைக் காற்சட்டை, காலில் செருப்பு, தலையில் நீலத் தலைப்பாகை. சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஷோர்ட்ஸ் போட்டுக்கொண்டா ஆமிக்குப் போனவை?” வெயிலுக்கு அதுதான் புத்தி என்று நான் சொன்னேன். முழுக் காற்சட்டையும் கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் நின்றவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கவேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க, சில சிப்பாய்களை சாதாரண பிரிட்டிஷ் பிளாஸ்டிக் உருவத்திலிருந்தே மாற்றினோம். முறை இதுதான். முழங்காலுக்குக் கீழே இருக்கிற சப்பாத்துறையின் பொத்தான்களைக் கத்தியால் சீவி, நுண் அரத்தால் வழவழப்பாக்கவேண்டும். நடுத்தொடையில் புட்டியால் மெல்லிய விளிம்பு ஒன்று சுற்றினால் அரைக் காற்சட்டை வந்துவிடும். அதற்குக் கீழே எல்லாம் தோல் நிறம். தலையைக் கழுத்தடியில் வெட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டு வைத்து, புதுத் தலையை சூப்பர் குளூவால் ஒட்டவேண்டும். கம்பி இல்லாமல் ஒட்டினால் முதல் தரம் கீழே விழும்போதே தலை போய்விடும்.

புட்டி என்று சொன்னது கிறீன் ஸ்டஃப். மஞ்சளும் நீலமுமாக இரண்டு பட்டி இருக்கும். சம அளவில் எடுத்துப் பச்சையாகும்வரை பிசையவேண்டும். கொழுக்கட்டை மா பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் அளவில் உருவம் கொடுக்கலாம், அடுத்த நாள் கல்லாகிவிடும். கை ஈரமாக இருந்தால் ஒட்டாது. இடியப்பம் பிழிகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

தோல் நிறத்தில்தான் வேலை நின்றது. கடையில் ஃபிளெஷ் என்று எழுதியிருக்கிற பெயிண்ட் புட்டி ரோஸ் நிறம். பழுப்பு நிறப் புட்டிகளும் இருக்கின்றன, ஆனால் ஒரே பழுப்பை எல்லாருக்கும் அடித்தால் ஒரே அச்சில் வார்த்த ஆட்கள் மாதிரி இருக்கிறார்கள். மூத்தவன் எங்கட கைகளைப் பார்த்துக் கலக்கலாம் என்றான். என் கை, இவருடைய கை, தன் கை, தங்கச்சியின் கை. நாலு நிறம் வந்தது. ஐந்தாவதுக்கு அவன் மேல்மாடிக்குப் போய் அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

மாமியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் 30-ம் தேதி இரவு வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு நாவற்குழிப் பக்கம் நடந்ததே, அந்தச் சனத்தில் மாமியும் ஒருவர். மழைக்குள் விடியும்வரை நடந்ததை எங்களுக்கு இரண்டு தரத்துக்கு மேல் சொன்னதில்லை. மகன் சிப்பாய்களை அடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து மாமி சாப்பாட்டு மேசைப் பக்கம் வரமாட்டார். கோப்பையைக் கொண்டுபோய் முன்னறையில் இருந்து சாப்பிடுவார். ஒரு நாள் மட்டும் என்னிடம் கேட்டார்.

“பிள்ளை, உதுகளை ஏன் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள்?”

“அவன் ஆசையா செய்யிறான் மாமி.”

“வடிவாத்தான் செய்யிறான். எண்டாலும் எல்லாரும் துவக்கோட நிக்கினம்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் ஒன்றும் சொல்ல வரவில்லை.

அன்றைக்கு மூத்தவன் அப்பம்மாவின் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே வைத்து, பழுப்புக்குள் கொஞ்சம் சிவப்பும் ஒரு துளி கறுப்பும் கலந்து, முழங்கைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமி பேசாமல் இருந்தார். பிறகு அவருடைய கண் நான் செய்துகொண்டிருந்த தலைப்பாகைக்குப் போனது.

“என்ன உது, பனியாரமா?”

உண்மையில் பனியாரம் மாதிரித்தான் இருந்தது. புட்டியை உருண்டையாக வைத்து மேலே கீறல் போட்டிருந்தேன். மாமியின் தகப்பனார் ஊரில் கல்யாண மாப்பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிறவராம். அடுத்த நிமிடம் குசினியிலிருந்து ஒரு துவாய் வந்தது. மூத்தவனின் தலையில் கட்டிக் காட்டத் தொடங்கினார். துணி முதலில் முறுக்கவேண்டும், பிறகு சுற்றவேண்டும். சுற்று ஒவ்வொன்றும் சரிவாகப் போய் முன்னுக்கு ஒன்றை ஒன்று வெட்டவேண்டும். நேராகச் சுற்றினால் அவிழ்ந்துவிடும்.

“தொப்பி கழட்டிறது ராசா. தலைப்பா அவிழ்க்கிறது. ரெண்டும் ஒண்டில்லை.”

கிராடொக்குக்கு விளங்காத விஷயம் இது. அவருடைய கண்ணுக்குத் தலைக்கு மேலே இருப்பது எல்லாம் ஒன்றுதான். ஒரே அளவு, ஒரே வடிவம் என்றால் அணிவகுப்பு நன்றாக இருக்கும். கட்டுகிறவனுக்கு அது தகப்பன் கட்டிக்காட்டிய முறை.

அதன் பிறகு செய்முறை மாறியது. புட்டியை நூல் மாதிரி உருட்டி, இரண்டு நூலை முறுக்கி, மண்டையில் சரிவாகச் சுற்றினோம். ஒரு தலைப்பாகைக்குப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு பனியாரம் வரவில்லை. புதிய உத்தரவுத் தலைப்பாகைக்கு முறுக்கே தேவையில்லை. வட்டத் தொப்பி வைத்த ஒரு தலையை வாங்கி, விளிம்பைச் சீவி, முன்னால் தோல் பூவுக்கு ஒரு பொட்டு புட்டி வைத்தால் முடிந்தது. ஒன்றைக் கட்டவேண்டும், மற்றதைப் போட்டால் போதும்.

கடைசி வேலை நெற்றி. 28 மில்லிமீட்டர் ஆளுக்கு நெற்றி ஒரு மில்லிமீட்டர்தான். மூன்று கோடு திருநீறு வராது. வெள்ளையில் சாம்பல் கலந்து, தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்ச ஈரத்தால் ஒரே ஒரு தடவல். நாமத்துக்கு நுனி கூரான தூரிகை வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இரண்டு கோடு. முஸ்லிம் சிப்பாய்களுக்குத் தாடி. காதுக்குப் பித்தளை நிறத்தில் ஒரு புள்ளி. மூத்தவன் ஒரே அச்சு உருவத்தில் இரண்டு எடுத்து ஒரே ஆளை இரண்டு தரம் செய்தான். ஒருவனுக்குக் கட்டின தலைப்பாகை, திருநீறு, கடுக்கன், தன் இஷ்டத்துக்கு வைத்த மீசை. மற்றவனுக்கு வட்டத் தலைப்பாகை, வெறும் நெற்றி, வெறும் காது. இரண்டுக்கும் ஒரே முகம், அப்பம்மாவின் கை நிறம்.

சின்னவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தாள். “இவன் பாவம். இவனைப் பார்த்தா ஆர் எண்டே தெரியேல்லை” என்றாள். எங்கட தலைமுறையில் பலர் அம்மா பூசிவிட்ட திருநீற்றை பஸ் தரிப்பிடத்தில் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள். யாரும் உத்தரவு போடவில்லை, கசையடியும் இல்லை. வேலூர்ச் சிப்பாய் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தவன். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவன் துடைக்கமாட்டேன் என்றான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் குரல் மாறியது.

ஆனால் கதை அங்கே முடிகிற மாதிரி இருந்தால் நல்லது. மூத்தவன் கோட்டை மேசையைத் திட்டம் போட்டான். அகழி, வாசல், பாசறை, அரண்மனை, ஆஸ்பத்திரி. ஒவ்வொரு இடத்தையும் பிடிப்பவருக்கு இவ்வளவு புள்ளி என்று ஒரு பட்டியல். பட்டியலை வாசித்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றான்.

“அம்மா, ஹொஸ்பிட்டலுக்கு எத்தினை பொயின்ட்ஸ் குடுக்கிறது?”

மாமி மேசையின் மற்றப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை நாளுக்குப் பிறகு அங்கே வந்து இருக்கப் பழகியிருந்தார். கை நின்றது.

“ஆசுபத்திரிக்குள்ளயோ சுட்டவங்கள்?”

“ஓம் அப்பம்மா. வருத்தக்காரரையும்.”

“ஆர், வெள்ளைக்காரரோ?”

“இல்லை. எங்கட ஆக்கள்.”

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. நான் அந்த இடத்தை விட்டுவிடலாம் என்று சொன்னேன். கோட்டை வாசலும் கில்லெஸ்பியின் வரவும் மட்டும் போதும், விளையாட்டு நன்றாக இருக்கும். மூத்தவன் ஒத்துக்கொள்ளவில்லை. “அதை விட்டா எங்கட ஆக்கள் மட்டும் நல்லவை மாதிரி வரும். பிறகு சுவரடியில நூறு பேரைச் சுட்டதை மட்டும் வைச்சா அது சீட்டிங்.” சரி, இரண்டையும் விடுவோம் என்றேன். “அப்ப என்ன மிச்சம்? தொப்பி மட்டும்தான்.”

தமிழ்நாட்டில் இதை வேலூர்ப் புரட்சி என்பார்கள். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்திய விடுதலைப் போர் என்று 2006-ல் இந்தியத் தபால்துறை முத்திரையும் வெளியிட்டது. இங்கே ஆங்கிலப் புத்தகங்களில் அது ம்யூட்டினி, கலகம். இரண்டு பக்கத்துப் பெயரையும் பிள்ளைக்குச் சொல்லலாம். அவன் கேட்டது பெயர் இல்லை, புள்ளி.

முடிவைச் சொன்னது மாமி. “அதுகளை வை. ஆனா வெல்லுறதுக்கு வைக்காத.”

அதை விதியாக எப்படி எழுதுவது என்று அவன் இரண்டு நாள் யோசித்தான். இப்போது மேசையில் ஆஸ்பத்திரியும் இருக்கிறது, அரண்மனைச் சுவரும் இருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் டைஸ் இல்லை, புள்ளி இல்லை. விளையாட்டு அங்கே வந்தால் இரண்டு பக்கமும் கையை எடுத்துவிட்டு ஓர் அட்டையை எடுத்துச் சத்தமாக வாசிக்கவேண்டும். அங்கே நடந்தது நாலு வரியில் இருக்கும். ஆங்கிலத்தில் அவன் எழுதினான். அப்பம்மாவுக்கு விளங்கவேண்டும் என்று சின்னவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் எழுதினாள். மாமி கண்ணாடி போட்டு ‘நோயாளிகள்’ என்ற சொல்லில் ளகரத்தைத் திருத்திக் கொடுத்தார்.

மிச்சத்தில் நல்ல விளையாட்டு இருக்கிறது. கில்லெஸ்பி வரும்வரை வாசலுக்கு மேலே 69-வது ரெஜிமெண்டில் தப்பின ஏறத்தாழ அறுபது பேர் குண்டு தீர்ந்த துவக்கோடு தாக்குப்பிடிக்கவேண்டும். ஆற்காட்டு ரோட்டின் பதினாறு மைலை 28 மில்லிமீட்டர் அளவில் செய்தால் நானூறு மீட்டருக்கு மேல் மேசை வேண்டும் என்று மூத்தவன் கணக்குப் போட்டான். தோர்ண்டன் ஹீத் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்டவரை போய்விடும். ஆகவே ரோட்டை மேசை விளிம்பில் கட்டம் கட்டமாக வரைந்து, குதிரை ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம் நகரும் என்று வைத்தான். வெல்லிங்டனுக்கு இங்கே வேலை இல்லை.

தொடங்க நினைக்கிற பெற்றோருக்குச் சில விஷயங்கள். உலோக உருவம் ஒன்று ஏறத்தாழ இரண்டு பவுண்டிலிருந்து வரும். பிளாஸ்டிக் பெட்டி முப்பது பவுண்டுக்குள் ஒரு சின்னப் படையே தரும். முதலில் பத்துப் பேர் போதும். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கலாம். அரத்தால் ராவிய தூள் சாப்பாட்டில் படக்கூடாது, வேலை முடிய கை கழுவவேண்டும். புட்டி சில பிள்ளைகளின் தோலுக்கு ஒத்துவராது, கையுறை நல்லது. கத்தி வேலை பெரியவர்கள் பார்க்க நடக்கட்டும். செல்சியில் தேசிய இராணுவ மியூசியம் இலவசம். இந்தியப் படைகள் பற்றியும் அங்கே பார்க்கலாம். சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற எங்கட பக்கத்துக் கழகம் எக்செல் மண்டபத்தில் நடத்துகிற சல்யூட் கண்காட்சிக்கு ஒரு தரம் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னத் தயாரிப்பாளர்கள் நேரே வந்திருப்பார்கள். மெட்ராஸ் சிப்பாய் இருக்கிறதா என்று பிள்ளையே கேட்கட்டும். கேட்டால்தான் அடுத்த வருடம் செய்வார்கள்.

இப்போது மூத்தவனுக்குப் புது யோசனை. போன கிழமை அப்பம்மாவிடம் போய், நாவற்குழிப் பாலத்தைச் செய்யலாமா என்று கேட்டான். நான் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி உடனே பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிட்ட பிறகு சொன்னார்.

“துவக்கு ஒண்டும் இல்லாமல் எண்டால் செய்.”

பிறகு என்னென்ன வேண்டும் என்று அவராகவே சொல்லத் தொடங்கினார். சைக்கிளில் தொங்கின பானை, சாக்கு மூட்டை, கயிற்றில் ஓர் ஆடு, தோளில் பிள்ளை, சாரத்தை மடித்துக்கட்டின ஆட்கள், நடக்க ஏலாத கிழவியைக் கதிரையோடு தூக்கின இரண்டு பெடியள். மூத்தவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். சிப்பாய் என்றால் ஆயிரம் வகை கிடைக்கும். மூட்டை தூக்கின சனம் கிடைப்பது குறைவு. சைக்கிளை இரண்டாம் உலகப் போர் சைக்கிள் படை உருவங்களிலிருந்து கழற்றலாம் என்று கண்டுபிடித்திருக்கிறோம். சாரத்துக்கும் சேலைக்கும் கிறீன் ஸ்டஃப் இருக்கிறது. ஆடு பண்ணை உருவங்களில் கிடைக்கும். கதிரை தூக்குகிற இரண்டு பேருக்குத்தான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.